புற்றுநோய்ப் பரிசோதனையும் கிராமத்து ஆண்களும்

திண்டுக்கல் என்றவுடன் பூட்டும் புகையிலையும் நினைவுக்கு வருவது வழக்கம். ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையையும், சின்னாளபட்டிச் சேலையையும், சிறுமலை வாழைப்பழத்தையும் சேர்த்துச் சொல்வோரும் உளர். ஆனால் பல நாடுகளிலுள்ள மருத்துவர்கள் இம்மாவட்டத்தின் பெயரை வேறொரு காரணத்தால் அறிந்திருக்கிறார்கள் என்பதை நம் கிராமங்களிலேயே பலர் அறியார். 2000-ஆம் ஆண்டு தொடங்கி இம்மாவட்டத்துப் பெண்களிடையே நடைபெற்ற புற்றுநோய்ப் பரிசோதனை ஒன்றின் முடிவு, 2007-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. செலவு மிகுந்த கருவிகள் இல்லாமலே, பயிற்சி பெற்ற செவிலியரைக் கொண்டு, ஏழை நாட்டுக் கிராமங்களிலும் புற்றுநோய்ச் சாவைக் குறைக்க முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

அந்தப் பணி நடந்த விதத்தைச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது பயனுடையது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மருத்துவ நிலையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இதனை மேற்கொண்டன. மாவட்டத்தில் 114 பகுதிகளைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் அவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரை உள்ள பெண்களுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் தோன்றும் அறிகுறி உண்டா என்று பார்ப்பதென்றும், மற்ற 57 பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதியே தொடர்வதென்றும் ஏற்பாடு. (இரண்டாம் பகுதிப் பெண்களுக்கு அச்சோதனையைச் செய்யாமல் விட்டது முறையா என்று பின்னர் கேட்டவர்களும் உண்டு. அக்கேள்வி நியாயமானதே.)

சோதனை மிக எளிது. காடிக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவிச் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்விடத்தைக் கடுங்குளிரால் உறையவைத்து அழித்துவிடலாம். புற்றுநோய் வருவதற்கு முன்பே அதன் வித்தை அகற்றிவிடும் வேலை இது; களை பூத்து விதை சிந்துவதற்கு முன் பிடுங்குவதைப் போன்றது.

அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். நூற்றுக்கு அறுபத்து நான்கு பேர் என்று கொள்ளலாம். களையெடுப்பும் நடவும் கூலியும் விட்டு, ஆண்களிடம் விளக்கிச் சொல்லவும் கூசும் ஒரு சோதனைக்கு, உடம்பில் நோவு ஏதும் இல்லாத நிலையில் இத்தனை பேர் வந்தது சாதாரணச் செய்தி அன்று. அவர்களில் 3,088 பேரிடம் வெள்ளைக் குறி தென்பட்டது. மேற்கொண்டு ஆராய்ந்ததில், 1,874 பேருக்குப் புற்றுநோய்க்கு முந்திய மாறுதல்கள் இருந்தன. அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு 72 பேர் சிகிச்சை பெற்றார்கள், ஏனையோர் பெறவில்லை. 2006 வரை கணக்கெடுத்தபோது, சோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் தோன்றுவது நூற்றுக்கு 25 பங்கும், அதனால் ஏற்படும் சாவு 35 பங்கும் மற்றப் பகுதிகளைவிடக் குறைந்திருந்தன. ஒரே ஒரு முறை பார்த்ததனால் விளைந்த பயன் இது.

இந்த வரலாற்றை நாம் எடுத்துரைப்பது பெண்களைப் பாராட்டுவதற்கு மட்டும் அன்று. இதே கிராமங்களின் ஆண்கள் தம் உடம்பைப் பற்றி என்ன செய்கிறார்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது. நிலத்து மண்ணைப் பொட்டலமாகக் கட்டிச் சோதனைச் சாலைக்கு அனுப்புகிறோம். கறவை மாடு ஒரு வேளை தீவனம் தின்னாவிட்டால் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். இரவில் நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்கச் செல்லும் பெரியவரோ, 'வயது ஆனால் அப்படித்தான்' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார். வீட்டில் மனைவிக்கும் சொல்வதில்லை, மகனுக்கும் சொல்வதில்லை.

ஆண்களின் சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி உண்டு. மருத்துவமனைகளில் அதனைப் புராஸ்டேட் சுரப்பி என்பார்கள். விந்துடன் சேரும் நீர்மத்தின் ஒரு பகுதியைச் சுரப்பதே அதன் வேலை. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இச்சுரப்பி மெல்லப் பருப்பது இயற்கை. பருக்கும்போது நடுவே செல்லும் குழாயை நெருக்குகிறது. வாய்க்காலின் மடையில் கல் விழுந்தாற்போல நீர் தடைப்பட்டு, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவதும், முழுதும் கழியாத உணர்ச்சியும், இரவில் அடிக்கடி எழுவதும் ஏற்படுகின்றன. பெரும்பாலோருக்கு இது புற்றுநோய் அன்று. மருந்தினால் தணியும், அல்லது அறுவைச் சிகிச்சையால் தீரும். ஆகவே இத்தகைய தொல்லை உடையவர் 'புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களோ' என்று அஞ்சி மருத்துவரைத் தவிர்ப்பது வீண்.

ஆனால் அதே சுரப்பியில் புற்றுநோயும் தோன்றுவதுண்டு. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் தொடங்குவதால், குழாயை நெருக்குவதில்லை. ஆரம்பத்தில் நோவும் இல்லை, தடையும் இல்லை. இங்கேதான் ஆபத்து இருக்கிறது. தொல்லை கொடுப்பது பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. புற்றுநோயாக இருப்பது தொல்லை கொடுப்பதில்லை. முற்றிய பிறகு அது எலும்பைப் பற்றும். முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் ஓயாத வலி உண்டாகும். காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த முதுகு வலிப்பதில் வியப்பில்லை என்று உழவர் எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். கால் மரத்து நடக்க முடியாத நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படுவோரும் உண்டு. அப்போதும் சிகிச்சை இல்லாமற்போவதில்லை. ஆண்மைச் சுரப்பு நீரை அடக்கினால் இந்நோய் அடங்கும் என்று 1941-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவர் அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். எனினும் அச்சிகிச்சை நோயைச் சில காலம் தணிக்குமே அல்லாது, பரவிய பின் வேரோடு நீக்குவதில்லை.

முன்னதாக அறிவதற்கு உள்ள வழி பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை. சுரப்பி உண்டாக்கும் ஒருவகைப் புரதம் இரத்தத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளப்பது அது. கையில் சிறிது இரத்தம் எடுப்பதோடு வேலை முடிந்தது. இதனோடு, மருத்துவர் கையுறை அணிந்து ஆசனவாய் வழியே விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. இந்த இரண்டாவதை நினைத்தே பலர் பின்வாங்குகிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாத காரியம் அது. பெண்கள் இதைவிடக் கூச்சம் தரும் சோதனைக்கு முப்பதாயிரம் பேர் வரிசையில் வந்தார்கள் என்பதை மேலே கண்டோம்.

எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கருப்பை வாய்ச் சோதனையைப் போல இது நேரான விஷயம் அன்று. அந்த எண் உயர்ந்திருந்தால் புற்றுநோய் என்று பொருளில்லை. சுரப்பி வெறுமனே பருத்திருந்தாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் உயரும். எண் குறைவாக இருந்து நோய் இருப்பதும் உண்டு. உயர்ந்திருந்தால் மறுபடி சோதித்து, எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, தேவையானால் ஊசியால் சிறு துணுக்குகள் எடுத்து ஆராய்ந்த பின்னரே முடிவு சொல்ல இயலும். மேலும், முதியவர்களுக்கு வரும் இப்புற்றுநோய்களில் பல மிக மெதுவாக வளர்பவை. அவர் ஆயுள் முழுதும் அது உள்ளேயே கிடந்து, வேறு காரணத்தால் அவர் காலமாவார். அத்தகைய நோயைக் கண்டுபிடித்து அறுவை செய்தால், சிறுநீர் அடக்கமின்மை, ஆண்மைக் குறைவு போன்ற தொல்லைகள்தாம் மிஞ்சும்.

அப்படியானால் சோதனையால் பயன் உண்டா? ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 55 முதல் 69 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,62,000 ஆண்களை இரு பிரிவாக்கி இதனைப் பார்த்தார்கள். இருபத்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவு 2025-இல் வெளியாயிற்று. சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு 13 பங்கு குறைவு. 456 பேரைச் சோதனைக்கு அழைத்தால் ஓர் உயிர் காக்கப்படுகிறது என்பது அக்கணக்கு. பயன் உண்டு, ஆனால் மந்திரம் அன்று. அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று 2012-இல் இச்சோதனை வேண்டாம் என்று கூறி, 2018-இல் மாற்றிக்கொண்டு, 55 முதல் 69 வயது வரையுள்ளவர் மருத்துவரிடம் நன்மை தீமைகளைக் கேட்டறிந்து தாமே முடிவு செய்யட்டும் என்றது. இங்கிலாந்தில் 1,643 பேரிடம் நடந்த மற்றோர் ஆராய்ச்சி மேலும் ஒரு தெளிவைத் தந்தது. சுரப்பிக்குள் அடங்கிய நிலையில் நோய் கண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அறுவையும், ஒரு பகுதியினருக்குக் கதிர்வீச்சும் அளித்து, மற்றவர்களை அவ்வப்போது சோதித்துக் கண்காணித்து மட்டும் வந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும், மூன்று பிரிவிலும் இந்நோயால் இறந்தவர் நூற்றுக்கு மூவர் அளவிலேயே இருந்தார்கள். ஆகவே நோய் உண்டு என்று தெரிந்த அன்றே கத்தியை எடுக்க வேண்டியதில்லை. கண்காணித்திருப்பதும் ஒரு சிகிச்சையே.

இவற்றிலிருந்து நம் கிராமத்து ஆண்கள் எவ்வாறு நடந்துகொள்ளலாம்? ஐம்பது வயதைக் கடந்தவர், உடம்பில் தொல்லை இல்லாவிட்டாலும், ஒருமுறை மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்கட்டும். தகப்பனாருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் நாற்பத்தைந்திலேயே கேட்பது நல்லது. எழுபதைக் கடந்து, தொல்லை ஏதும் இல்லாதவருக்குப் பொதுவாக இச்சோதனை தேவைப்படாது. சிறுநீரில் இரத்தம், நீர் தடைப்படுதல், விடாத எலும்பு வலி ஆகியவை இருந்தாலோ வயது பார்க்க வேண்டியதில்லை. உடனே செல்ல வேண்டும். முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லி, அவர் அனுப்பும் இடத்துக்குச் செல்வதே அலைச்சலைக் குறைக்கும் வழி.

புகையிலை விளையும் ஊர்களில் இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. மென்று துப்பும் பழக்கமுடைய ஆண்களுக்கு வாய்ப் புற்றுநோய் புராஸ்டேட் நோயைவிட அருகில் நிற்கும் பகை. கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-இல் முடிவு வெளியாயிற்று. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையும் முப்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் பார்ப்பது நாட்டின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. புராஸ்டேட் அதில் இல்லை. அதனால்தான் இதற்கு அவரவர் கேட்டுச் செல்லவேண்டியிருக்கிறது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியது என்ன? ஊர் ஆண்கள் அனைவரையும் ஒரே நாளில் கூட்டி இரத்தம் எடுக்கும் முகாம் நடத்துவது பயன் தராது என்பது நம் கருத்து. உயர்ந்த எண்ணுடன் வீடு திரும்பியவருக்கு மேற்கொண்டு வழிகாட்ட ஆள் இல்லையானால், அவர் அச்சத்தோடு முடங்கிவிடுவார். அல்லது எங்கோ கடன் பட்டுத் தேவையற்ற சிகிச்சை செய்துகொள்வார். அம்பிளிக்கைப் பணியிலேயே, மாறுதல் கண்ட பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சிகிச்சைக்கு வரவில்லை என்பதை மறக்கலாகாது. கிராம சபைக் கூட்டத்தில் மருத்துவரை அழைத்து, ஆண்களிடம் மட்டும் தனியாக அரை மணி நேரம் பேசச் செய்யலாம். பெண்கள் இருக்கும்போது கேட்கக் கூசும் கேள்விகள் அப்போது வெளிவரும். மேல் பரிசோதனைக்குச் செல்லவேண்டியவருக்குத் துணையாக ஒருவரை அனுப்புவதும், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கு அதனைப் பெற்றுத் தருவதும் உறுப்பினர்களால் ஆகக்கூடியவை.

சோதனைக்குச் செல்வோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று இருந்திருந்தால் அது தீர்ந்து ஆறு வாரங்கள் கழிந்த பின் இரத்தம் கொடுப்பது நல்லது. அதற்கு முந்திய இரண்டு நாட்களில் நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பதையும் தாம்பத்திய உறவையும் தவிர்க்க வேண்டும். இவற்றாலும் எண் சற்று உயரக்கூடும். சுரப்பி வீக்கத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். அவற்றுள் சில எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். முடிவுத் தாளை நிலப் பட்டாவுடன் பெட்டியில் சேர்த்து வைப்பது நன்று. அடுத்த முறை செல்லும்போது மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பழைய எண்ணைத்தான்.