கொசுக்குலத்தை ஒழிக்கும் புதுமுறை

சோழவந்தானில் பொழுது சாய்ந்தபின் வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக நடந்து வந்தவர்க்குக் கொசுவின் கொடுமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அகத்தி நிழலும் வாய்க்கால் ஈரமும் வெற்றிலைக்கு எவ்வளவு இன்றியமையாதனவோ அவ்வளவு அப்பூச்சிக்கும் உகந்தன. பெரியாற்று நீர் தேங்கும் நெல்வயல்களோ அதற்கு இன்னும் அகன்ற தொட்டில். இக்குலத்தை அடியோடு தொலைக்க வழியில்லையா என வினவாதார் இலர். வழியுண்டு எனக் கூறும் ஒருமுறை ஆராய்ச்சிச் சாலைகளில் உருவாகியிருத்தலின், அதன் இயல்பை ஈண்டு நோக்குவோம்.

ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு பிரதிகளாய் உடலில் அமைந்துள்ளது. அவ்விரண்டில் ஒன்றே ஒரு குழந்தைக்குச் செல்லும். ஆதலின் ஒரு பிரதியில் மட்டும் புதுமை புகுந்தால், மக்களிற் பாதிப்பேரே அதனைப் பெறுவர். அப்புதுமை தீங்குடையதாயின், சில தலைமுறைகளில் தேய்ந்து மறைவதே இயற்கை. 'ஜீன் டிரைவ்' எனப்படும் மரபணு உந்துமுறை இவ்விதியையே மாற்றுகின்றது. ஓலைச்சுவடியை உவமையாகக் கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு நூலுக்கு இரண்டே ஏடுகள் உள்ளன. ஒன்றில் இடைச்செருகல் ஒன்று நுழைந்துவிட்டது. அவ்விடைச்செருகலுக்கு மற்ற ஏட்டை அதே இடத்திற் கிழிக்கும் ஆற்றலும் உண்டெனக் கொள்க. கிழிந்த ஏட்டைச் செப்பனிடுவோன், முதல் ஏட்டைப் பார்த்து எழுதுவானன்றோ? செருகலையும் சேர்த்தே எழுதி முடிப்பான். உயிரணுவும் அவ்வாறே தன் முறிவைச் செப்பனிடுகின்றது. இனி இரண்டு ஏட்டிலும் செருகலே. மக்களில் ஏறக்குறைய எல்லோரும் அதனைப் பெறுவர்.

இக்கருத்தை 2003-ஆம் ஆண்டில் இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த ஆஸ்டின் பர்ட் விரித்துரைத்தார். வேண்டிய இடத்தில் மரபணுவை வெட்டும் 'கிரிஸ்பர்' என்னும் கருவி 2012-க்குப்பின் கைவந்ததும், கருத்துச் செயலாயிற்று. 2015-இல் கலிபோர்னியாவில் அந்தோணி ஜேம்ஸ் முதலியோர் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் கொசுவில் இதனைச் செய்து காட்டினர். அக்கொசு நமக்கு அயலானதன்று. சென்னை முதலிய நகரங்களில் கிணற்றிலும் மாடித்தொட்டியிலும் பிறந்து மலேரியாவைப் பரப்புவது அதுவே. அச்சோதனையில் கொசுவைக் கொல்ல முயன்றிலர். மலேரியாக் கிருமியை எதிர்க்கும் மரபணுவையே அதனுட் புகுத்தினர். 2018-இல் இம்பீரியல் கல்லூரியார் ஆப்பிரிக்கக் கொசு ஒன்றைக் கொண்டு வேறு வழி சென்றனர். மாற்றத்தை இரு பிரதியிலும் பெற்ற பெண்கொசு கடிக்கவும் முட்டையிடவும் இயலாததாயிற்று. ஆண்களோ நலமாக இருந்து மாற்றத்தைப் பரப்பின. கூண்டிலிருந்த கூட்டம் 7 முதல் 11 தலைமுறைகளில் அற்றொழிந்தது.

கூண்டின் கதவு திறக்கப்படுமுன் நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றை நினைவுகூர்தல் நலம். உலகச் சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, அமெரிக்கப் பொருளுதவியுடன், 1969 முதல் தில்லியில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவை நடத்தின. மலடாக்கிய ஆண்கொசுக்களை அண்டைச் சிற்றூர்களில் விடுத்தனர். ஆண்கொசு கடிப்பதில்லை, மலடாதலின் வழித்தோன்றலும் இல்லை. விடுப்பதை நிறுத்தினால் யாவும் பழையபடியாகும். எனினும் 1974-இல் பத்திரிகைகளில் ஐயங்கள் எழுந்தன. அந்நியர் நோய்ப்போருக்கு வேண்டிய செய்தி திரட்டுகின்றனர் என்றுகூடக் குற்றஞ்சாட்டினர். சோனிபட்டில் நடக்கவிருந்த சோதனை 1975-இல் கைவிடப்பட்டது. அப்பிரிவும் அவ்வாண்டே மூடப்பட்டது. குற்றச்சாட்டு மிகையென்றே நாம் கருதுகின்றோம். ஆயினும் ஊரார்க்கு முன்னரே தெளிவாகச் சொல்லியிருந்தால் அது வேர் கொண்டிராது. திரும்பப் பெறக்கூடிய ஒன்றுக்கே அப்பாடென்றால், தானே பரவும் இதற்கு என்ன சொல்வது?

கொசுவை அடக்க மதுரைப் பக்கத்தில் ஆராயப்பட்ட வேறொரு முறையையும் ஒப்பிடலாம். இங்கிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தார், மூளைக்காய்ச்சலைப் பரப்பும் வயற்கொசுக்களைக் குறைக்க, வேம்பு சேர்த்த யூரியாவை இட்டு, நீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டுப் பார்த்தனர், புழுக்கள் குறைந்தன. இம்முறை உழவன் கைக்குள் அடங்கியது. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவனே. பிடிக்காவிடில் நாளைக்கே விட்டுவிடலாம். ஆனால் முறை வைத்து வாய்க்காலில் நீர் வரும் ஊரில் நினைத்தபோதெல்லாம் காயவிட்டுப் பாய்ச்சுவது எளிதன்று என்பதை வயலுடையார் நமக்குச் சொல்வர். கொசு ஒழியாதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மலேரியாவுக்கு ஆண்டுதோறும் பல இலட்சம் உயிர்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள், இரையாவதையும் மறத்தலாகாது. ஆதலின் புதுமுறையை அச்சத்தால் மட்டும் ஒதுக்குவார் பக்கம் நாம் நிற்கவில்லை.

இதுகாறும் இவ்வுந்துமுறை ஏற்றிய கொசு எதுவும் கூண்டுக்கு வெளியே விடப்பட்டதில்லை. அதற்கு முற்படியாக 2019-இல் புர்க்கினா பாசோ நாட்டின் பானா என்னும் சிற்றூரில், உந்துமுறை இல்லாத மலட்டு ஆண்கொசுக்களை ஊரார் இசைவுடன் விடுத்தனர். அவ்வூரார் மொழியில் மரபணுவுக்குச் சொல்லில்லாமையால் புதுச்சொற்களும் ஆக்கப்பட்டன. அத்தனை பாடுபட்டும் 2025 ஆகஸ்டில் அந்நாட்டு அரசாங்கம் அத்திட்டத்தை நிறுத்திற்று.

சோழவந்தானில் அத்தகைய கூட்டம் ஒன்று கூடுமாயின் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பள்ளிப் பிள்ளைகளும் மரபணுவை அறிவர். கூட்டத்தார் ஒருமனதாகக் கையுயர்த்தினர் என்றே வைத்துக்கொள்வோம். வைகைக்கு அப்பால் தென்கரை என்னும் ஊர் உள்ளது. கோடையில் மணலாகக் கிடக்கும் ஆற்றைக் கடக்கக் கொசுவுக்கு எத்துணை நேரம் ஆகும்? தென்கரையாரை யார் கேட்பது, அவர்க்கு அப்பாலுள்ளாரை யார் கேட்பது என்பதற்கு இன்னும் ஒருவரும் விடை கூறிற்றிலர்.