அழிக்கும் முன் ஒரு பார்வை

மகளின் கல்யாணப் படங்களை கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டேன். ஆண்ட்ராய்டு போனில் இடமில்லை, அழிக்க வேண்டும். எல்லாம் பத்திரமாக ஏறிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, திண்டுக்கல்

அழிப்பதற்கு முன்பே கேட்டீர்களே, நல்லது. போனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தச் செயலி, போனில் மட்டும் இருக்கும் படங்களையும் ஏறி முடிந்தவற்றையும் கலந்தே காட்டும். கணினியில் அதே ஜிமெயில் கணக்கைத் திறந்து கூகுள் போட்டோஸுக்குப் போங்கள். அங்கே தெரிபவைதான் ஏறியவை. முகூர்த்தம், வரவேற்பு என்று ஒவ்வொன்றிலும் சில படங்களைத் திறந்து பாருங்கள். நீளமான வீடியோக்களை அவசியம் தேடுங்கள். பெரிய கோப்புகள்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கும்.

உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் தானாக ஏறாது. அந்த ஃபோல்டருக்கு பேக்கப் வசதியைத் தனியே இயக்க வேண்டும். இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ் எல்லாம் அதற்குள்தான். நிரம்பினால் புதிய படங்கள் ஏறாது.

அழிக்கும்போது குப்பைத்தொட்டிப் படத்தை மட்டும் அழுத்திவிடாதீர்கள், ஏற்றி வைத்ததும் சேர்ந்தே போய்விடும்! 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதை அழுத்துங்கள். ஏறி முடிந்தவற்றை மட்டுமே அது போனிலிருந்து நீக்கும். கைதவறி அழித்துவிட்டாலும் பதற வேண்டாம். ஏறிய படங்கள் 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும், மீட்டுவிடலாம்.