பாதம் கழுவிய கைகள்

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், இராவுணவின் நடுவே இயேசு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடரின் கால்களைக் கழுவுகிறார். அந்நாளில் அது அடிமையின் வேலை. காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அப்பந்தியில் இருந்தான் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பேதுருவோ காலை நீட்ட மறுக்கிறார். பணிவிடையை ஏற்பதற்கும் தாழ்மை வேண்டுமன்றோ!

ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று ஆலயத்தில் இச்சடங்கைக் கண்டிருக்கிறேன். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரும் கால்கள் அவை!

புண்பட்ட பாதங்களையே கையிலேந்தியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு வலியுணர்வு அற்றுப்போவதால், முள்ளும் நெருப்பும் தெரியாமல் சிதைகின்றன என எடுத்துக்காட்டினார். ஆகவே உணர்விழந்த பாதத்தை நாள்தோறும் நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, புண் உண்டாவெனக் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஒருநாட் சடங்கன்று அது.

சென்ற ஆண்டு சர்க்கரை நோயால் என் தாத்தாவின் குதிகாலில் புண் வந்தது. அவருக்கும் வலி தெரியவில்லை. அம்மாதான் தினமும் கழுவிக் கட்டுவார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவேன். ஒருநாள் அம்மா ஊரில் இல்லை. குனிய முடியாமல் தாத்தா கட்டுத்துணியோடு தடுமாறுவதைக் கண்டு, சட்டியில் தண்ணீர் கொண்டுபோய் அமர்ந்தேன்.

"வேண்டாம்ப்பா, நாத்தமா இருக்கும். அம்மா வரட்டும்" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான் விடவில்லை.