உற்றார் முகமும் ஒளிப்படப் பயிற்சியும்

1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், சென்னை அரசாங்கத்தாரின் ஒளிப்படக்காரராய் அமர்ந்திருந்த காலத்து, இராயக்கோட்டையையும் அந்நாளைச் சேலம் ஜில்லாவின் பிற இடங்கள் சிலவற்றையும் படமெடுத்து ஒரு தொகுதியாக வெளியிட்டார். மெழுகூட்டிய காகிதத்தில் மெல்ல மெல்ல உருவம் பதியும் முறையே அவர் கையாண்டது. கோட்டையும் பாறையும் அசையாது நின்றமையின் அழகுறப் பதிந்தன. அக்கோட்டையின் அடியில் உழுது வாழ்ந்தவர்களின் முகங்களைப் பதிப்பது அவர் மேற்கொண்ட பணியன்று.

இன்றோ காமிரா இல்லாத சட்டைப்பை அரிது. ஆயினும் வீட்டில் முதியவர் ஒருவர் மறைந்தவுடன், மாலையிட்டு வைப்பதற்கு ஒரு நல்ல முகப்படம் தேடி வீடே அலைகின்றது. எம் இல்லத்திலும் அதுவே நிகழ்ந்தது. எம் அப்புச்சி காலமான அன்று எம்மிடத்தே நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. கோயில் தேர் இருந்தது. கொல்லிமலை மேல் தவழும் மேகம் இருந்தது. சேலத்து மாம்பழக் கூடை கூட நான்கு கோணங்களில் இருந்தது. அப்புச்சியோ யாரோ ஒருவர் திருமணக் கூட்டத்தின் ஓரத்தில் பாதித் தோளாக நின்றார். முடிவில் வாக்காளர் அட்டையின் சிறு முகமே பெரிதாக்கப்பட்டுச் சுவரில் ஏறிற்று. நெல் அளக்கும்போது ஒரு கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் அவர் வழக்கத்தை அறிந்த எவரும் அப்படத்தை நெடுநேரம் பார்ப்பதில்லை.

அதன் பின்னரே யாம் முகப்படம் எடுக்கப் பயிலத் தொடங்கினோம். ஆசிரியர் ஒருவரை நாடிச் சென்றோமில்லை. வீட்டாரையும் நண்பரையும் எதிரே இருத்தியே பயின்றோம். நம் மாணவ நண்பருட் சிலர்க்கேனும் பயன்படுமென்று கருதி, அப்பயிற்சியிற் கண்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

இவ்வழியிற் பயின்று பெரும்புகழ் எய்தினார் ஜூலியா மார்கரெட் காமெரன் அம்மையார். இவர் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தவர். சட்ட வல்லுநராகிய சார்லஸ் ஹே காமெரனை 1838இல் மணந்து, பத்து ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து சென்று, 1860இல் வொயிட் தீவின் பிரெஷ்வாட்டர் என்னும் ஊரிற் குடியேறினார். 1863ஆம் ஆண்டின் இறுதியில், கணவர் இலங்கைக்குச் சென்றிருந்த வேளை, மகளும் மருமகனும் தனிமைக்குத் துணையாகும் என்று ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. கரிவைத்த கொட்டில் இருட்டறை ஆயிற்று; கோழிக்கூண்டு கண்ணாடிச் சாளரம் பெற்றுப் படமெடுக்கும் அறை ஆயிற்று. கோழிகளின் நிலை யாதாயிற்று என்று எம் நண்பர் ஒருவர் கேட்டார், விட்டுவிட்டனராம்.

அக்காலத்துத் தொழில் எளிதன்று. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைப் பரப்பி, வெள்ளிக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் காமிராவில் இட்டுப் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவவேண்டும். அம்மையாரின் முதற் காமிரா 11 அங்குலமும் 9 அங்குலமும் கொண்ட தகடுகளை ஏற்பது; பின்னர் 15க்கு 12 அங்குலத் தகடுகளுக்கு மாறினார். அமர்ந்திருப்போர் பல நிமிடம் அசையாதிருக்க நேரும். அயலார் எவர் இதற்கு இசைவர்? ஆகவே வீட்டுப் பணிப்பெண்டிரும், உடன்பிறந்தார் மக்களும், அண்டை வீட்டாருமே அவருக்கு மாதிரிகள். 1864 ஜனவரியில் ஆனி பில்பாட் என்னும் சிறுமியை எடுத்த படத்தையே தம் முதல் வெற்றியாக அவர் குறித்தார். மேரி ஹில்லியர் என்னும் பணிப்பெண் மரியன்னையாகப் பல படங்களில் அமர்ந்தாள். அயல் வீட்டிலிருந்த டெனிசன் என்னும் பெருங்கவிஞரும் தப்பவில்லை.

அவர் படங்களிற் கூர்மை குறைந்திருத்தலையும், தகட்டின் கீறலையும் விரற்கறையையும் சுட்டி அக்காலத்துத் தொழிலறிஞர் இகழ்ந்தனர். வில்லையைத் திருகிவருகையில் உருவம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றும் இடத்திலேயே அம்மையார் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் கூர்மையைத் துரத்துவதில்லை. மாணவர் இதனைத் தம் கைந்நடுக்கத்திற்குச் சாக்காகக் கொள்ளற்க. முதலில் அருகிலுள்ள கண்ணிற் கூர்மை விழுமாறு எடுத்துப் பழகுதல் வேண்டும். எதை விடுகின்றோம் என்று அறிந்து விடுதல் வேறு. அறியாது நழுவவிடுதல் வேறு.

இனி எம் பயிற்சிக்கு வருவோம். அப்புச்சியை இழந்த எம் அம்மாயியையே முதலில் எடுக்க விரும்பினோம். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று எண்ணும் தலைமுறை அது. "இந்த மூஞ்சியப் படம் புடிச்சு என்ன கண்ணு பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டு, எமக்காக இசைந்து, புதுப்புடவை உடுத்தி, வாசலில் நடுப்பகல் வெயிலில் நிமிர்ந்து நின்றார். இராசிபுரத்துச் சித்திரை வெயில் உச்சியினின்று நேரே இறங்குவது. கண்குழிகள் இரண்டும் கருங்குழிகளாயின; மூக்கின் நிழல் மீசைபோல் விழுந்தது. அடக்கம் தாங்காமல் சிரித்தவர் அம்மாயியே.

பிழை மூன்று என்பதைப் பின்னர் அறிந்தோம். முதலாவது ஒளி. நம் பக்கத்து வீடுகளின் திண்ணையைப் போன்ற படமெடுக்கும் அறை வேறில்லை. கூரை உச்சி ஒளியை மறைக்கின்றது. தெரு வெளிச்சம் பக்கத்திலிருந்து முகத்தின்மேல் மெல்லப் படிகின்றது. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் அது இன்னும் இனிது. ஒரு கன்னம் மிக இருண்டிருப்பின், மறுபுறம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்க ஒருவரை நிறுத்தினால், ஒளி திரும்பிவந்து நிழலைத் தணிக்கும்.

இரண்டாவது தூரம். யாம் இரண்டடி அருகே சென்றோம். அருகிலிருப்பது பெரிதாகவும் அகன்றிருப்பது சிறிதாகவும் தோன்றுமாதலின், மூக்குப் பெருத்துக் காது சிறுத்தது. ஐந்து அல்லது ஆறு அடி விலகி நின்று, சற்று நீண்ட குவியத் தொலைவுள்ள வில்லையால் எடுப்பின் முகம் தன் இயல்பான அளவில் நிற்கும். கைப்பேசியிலும் ஓரடி முன்வைப்பதை விட்டு, விலகி நின்று சற்று நெருக்கும் வில்லையைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவதை அறிய எமக்கு நெடுநாள் ஆயிற்று. காமிராவின் ஒளிமானி, தான் காணும் எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கருதுவது. வெள்ளைச் சுவர்முன் வெள்ளை வேட்டியுடன் நிற்கும் கரிய முகத்தவரை அது காணின், காட்சி மிக வெளிச்சமென்று மயங்கி ஒளியைக் குறைத்துவிடும், முகம் கரிப்பிழம்பாகும். அப்போது ஒரு படி, அஃதாவது இருமடங்கு, ஒளியைக் கூட்டல் வேண்டும். அம்முகமே சட்டம் நிறைய நிற்குமாயின் மாறாக ஒளியை மிகுத்து வெளிறச் செய்யும். அப்போது குறைத்தல் வேண்டும். கரிய தோலின் அழகு அதன்மேல் ஒளி வழுக்கிச் செல்லும் விளிம்பிலன்றோ இருக்கின்றது! கைப்பேசிகள் தாமாகவே தோலை வெளுப்பித்துச் சுருக்கங்களை அழித்தலை யாம் வெறுக்கின்றோம். அம்மாயியின் நெற்றிச் சுருக்கங்களை அழித்தற்கு அக்கருவிக்கு உரிமை யார் தந்தது?

இம்மயக்கத்தை எமக்குக் கற்பித்தது ஜவ்வரிசி ஆலை ஒன்றின் களம். குச்சிக்கிழங்கு மாவு வெள்ளை வெளேரென்று பரந்து உலரும் அக்களத்தின் ஓரத்தில் நண்பர் ஒருவரை நிறுத்தினோம். முதற் படத்தில் மாவு சாம்பலாகவும் நண்பர் நிழலாகவும் தோன்றினர். ஒளியை ஒன்றரைப் படி கூட்டியபின், களத்தினின்று மேலெழுந்த வெளிச்சம் கண்குழிகளை நிரப்பி, நடுப்பகலிலும் முகத்தை மென்மையாக்கிற்று. கீழிருந்து வரும் ஒளி முகத்திற்கு ஆகாது என்பர். நம் வெயிலில் அது ஒரு கொடை.

ஆயின் ஒளி அமைந்தும் முகம் அமைவதில்லை. காமிராவை உயர்த்தியதும் நெடுநாட் பழகிய முகம் அட்டைப்படம் ஆகிவிடுகின்றது. இதற்கு மருந்து பொறுமையும் வேலையும். நண்பரொருவரின் தந்தை குழித்தறியில் நெய்பவர். அருகே சிறு சாளரம்; இடுப்பளவு குழியில் கால்; கண் பாவின்மேல். "மாமா, எங்களைப் பாராதீர்கள்" என்று சொல்லவே தேவையில்லை. அரைமணி கழித்து நூல் ஒன்று அறுந்தது. அதனை முடிவதற்கு அவர் தலை சாய்த்தபோது, சாளர ஒளி கன்னத்திலும் விரல்நுனியிலும் ஒருங்கே விழுந்தது. யாம் எடுத்தவற்றுள் அதுவே சிறந்தது. அன்று எடுத்த ஏனைய நாற்பதும் பயனற்றவை. நாற்பது முறை பொறுத்தற்கு உறவினரன்றி வேறு யார் உளர்?

இருத்த எவரும் கிடையாத நாளில் தம்மையே இருத்திக்கொள்ளலாம். பஞ்சாபியராகிய உமராவ் சிங் ஷேர்கில் (1870–1954) தொழிலாக அன்றி விருப்பத்தால் படமெடுத்தவர்; வடமொழியும் பாரசீகமும் கற்றவர். மனைவியையும், பின்னர் ஓவியராய்ப் புகழ்பெற்ற அம்ருதா முதலிய மக்கள் இருவரையும் பல்லாண்டு எடுத்தார். தம்மையும் எண்ணற்ற நிலைகளில் எடுத்துக்கொண்டார். அமர்வோர் படும் கூச்சத்தை அறிய இதனினும் நல்ல வழி இல்லை. யாமும் முயன்றோம், அதன் பின்னர் அம்மாயியை நிமிரச் சொல்வதை விட்டோம்.

காமெரன் அம்மையாரின் கதையில் நம் நாட்டார்க்கு உரிய பகுதி இறுதியிலேயே வருகின்றது. 1875இல் அவர் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பி இலைநோயோ 1869இலேயே அத்தீவிற் புகுந்துவிட்டது. 1879 ஜனவரியில் அம்மையார் அங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். இலங்கையில் எடுத்த படங்களுட் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுட் பல அந்நாட்டு உழைப்பாளரும் பணியாளருமாகிய மக்களின் உருவங்கள். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த பணிப்பெண்ணின் பெயரை நாம் அறிவோம். 1867இல் எடுத்த ஹெர்ஷல் என்னும் வானநூலாரின் பெயரை உலகறியும். தோட்டத்து மாந்தரின் பெயர்களோ பெரும்பாலும் குறிக்கப்படவில்லை. அக்காலத்துக் காப்பித் தோட்டங்களுக்குத் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்தே கூலிகள் கடல் கடந்தனர். அப்படங்களுள் ஒன்றைக் காணும்போதெல்லாம், இது நம் ஊர்ப் பக்கத்து முகமாயிருக்குமோ என்று எம் உள்ளம் தயங்குகின்றது. கேட்டுத் தெளிய வழியில்லை. அம்மையார் ஒளியை அறிந்தவர். அம்முகங்களை மட்டும் அவர் வீட்டு முகங்களை அறிந்தது போல் அறிந்திலர் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

இதனைப் படித்த நாள்முதல் யாம் அச்சிடும் ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவைக்கின்றோம். மையால் எழுதின் நாளடைவில் ஊறி முன்பக்கம் தோன்றக்கூடும்.

சென்ற தைத் திங்களில் அம்மாயி திண்ணையில் அவரை உரித்துக்கொண்டிருந்தார். யாம் ஆறடி விலகி அமர்ந்து, அப்புச்சி நெல் அளக்கும் கதையைக் கேட்டோம். சொல்லிவருகையில் அவரும் அறியாமல் அப்புச்சியைப் போலவே ஒரு கண்ணைச் சுருக்கினார். அச்சிட்டுக் காட்டியபோது நெடுநேரம் பார்த்தார். பின்புறம் எழுதிய தம் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இத உங்க அப்புச்சி படத்துக்குப் பக்கத்துல மாட்டறதுக்கு எடுத்து வெச்சிரு சாமி" என்றார். அதனைத் துணியிற் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருக்கின்றோம்.