படிவத்தில் யாருடைய நம்பர்?

அன்புத் தம்பிக்கு,

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து பைக்கில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடுவீடாக ரத்தம் எடுக்கக் கிளம்பிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னார். நரம்பு பிடிப்பது பழகப் பழக வந்துவிடும். எனக்கு எழுதத் தோன்றுவது படிவத்தில் இருக்கும் மொபைல் நம்பர் கட்டத்தைப் பற்றித்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஆவடிப் பக்கம் நான் ரத்தம் எடுக்கப் போன ஒரு வீடு. கல்யாணம் நிச்சயமான பெண். ரத்தசோகை குறையவே இல்லை என்று டாக்டர் ஹீமோகுளோபின் வகை பார்க்கும் டெஸ்ட் எழுதியிருந்தார். நம்பர் கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் பெரியப்பா தன் நம்பரைச் சொன்னார், நானும் எழுதிக்கொண்டேன். ஹீமோகுளோபின் ஏ2 அளவு ஐந்து சதவீதத்தைத் தாண்டியிருந்தது, தலசீமியா கேரியர். கேரியருக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மாப்பிள்ளையும் கேரியராக இருந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வர நாலில் ஒரு பங்கு ஆபத்து. இதை விளக்க ஒரு டாக்டர் வாய் திறக்கும் முன்பே ரிப்போர்ட் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றி முடிந்திருந்தது. கல்யாணம் நின்றது. அடுத்து அவள் தங்கைக்கு வந்த வரனும் விலகிப்போனது. அந்தத் தங்கையின் ரத்தத்தை யாரும் எடுத்ததே இல்லை, தம்பி.

சர்க்கரை இன்று ஏறும், நாளை இறங்கும். ஜீன் அப்படியில்லை, அக்கா, தங்கை, பிறக்காத பிள்ளை எல்லாரையும் இழுத்து வரும். அமெரிக்காவில் 23அண்ட்மீ என்ற கம்பெனி எச்சிலை வாங்கி வம்சாவளி சொல்லிக்கொண்டிருந்தது. 2023-இல் திருடர்கள் புகுந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான். உறவுக்காரர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி வழியாக ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரம் போய்விட்டது. 2025 மார்ச்சில் கம்பெனி திவாலாகி, அந்தத் தரவும் ஏலத்துக்கு வந்தது.

நம் ஊர்ச் சட்டம்? 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவில் மரபணுத் தகவல் தனிக் கவனம் வேண்டிய ரகமாக இருந்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த ரகமே இல்லை. போன் நம்பருக்கும் ஜீனுக்கும் ஒரே தராசு. (ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் கோபம்.) ஆனால் உனக்குப் பயன்படுகிற இரண்டு விஷயம் அதில் உண்டு: சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும், கொடுத்த சம்மதத்தைக் கொடுத்த அளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். உன் பையில் இருப்பது இங்கிலீஷ் படிவம் மட்டும் என்றால் மேனேஜரிடம் கேள். திட்டினால் திட்டட்டும்.

ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணு வரிசையைப் படித்து ஃபரிதாபாத்தில் உள்ள தரவு மையத்தில் வைத்திருக்கிறது. அதைப் பார்க்க ஆராய்ச்சியாளர்களே விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். நீ எடுத்துப் போகிற சாம்பிளின் ரிப்போர்ட்டைப் பார்க்க, படிவத்தில் எழுதிய நம்பருக்கு வரும் ஒரு ஓ.டி.பி. போதும்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளில் மெடிக்கல் கேம்ப்புக்கும் உன்னை அனுப்புவார்கள். பேக்கேஜில் ஜீன் டெஸ்ட் என்று ஏதாவது சேர்த்திருந்தால், ரிப்போர்ட் தொழிலாளிக்குப் போகிறதா எச்.ஆர். மெயிலுக்குப் போகிறதா என்று ரத்தம் எடுக்கும் முன்பே விசாரி. சி.பி.சி.க்கு எடுக்கிற அதே ஊதா மூடி டியூபிலிருந்துதான் டி.என்.ஏ.வையும் பிரிக்கிறார்கள், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

வீடுகளில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். மாமியாரோ அண்ணனோ பக்கத்திலேயே நின்றால், குடிக்கத் தண்ணீர் கேள். அவர்கள் உள்ளே போய்த் திரும்ப அரை நிமிஷம் ஆகும். பார்கோடு ஒட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டுவிடு: "அக்கா, ரிப்போர்ட் எந்த நம்பருக்கு அனுப்பணும்?"

இப்படிக்கு,
திருமுல்லைவாயல் அக்கா