சொந்தமும் ஒண்டியும்

சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்து, இப்போது கோயமுத்தூர் ஐ.டி. கம்பெனிக்கோ திருப்பூர் எக்ஸ்போர்ட் ஆபீசுக்கோ இண்டர்வியூவுக்குக் கிளம்புகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். டென்ஸ், வாய்ஸ் எல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலப் பேச்சில் முதலில் சறுக்குகிற இடம் வேறு. எது யாருடையது, கூட யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது.

1. தமிழில் ‘எனக்கு ரெண்டு தங்கச்சி இருக்காங்க’ என்போம், ‘என்கிட்ட நூறு ரூபாய் இருக்கு’ என்போம். உறவுக்கு ‘எனக்கு’, கையில் உள்ள பொருளுக்கு ‘என்கிட்ட’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஐ ஹேவ்’ ஒன்றுதான். ‘டூ சிஸ்டர்ஸ் ஆர் தேர் ஃபார் மீ’, ‘மணி இஸ் தேர் வித் மீ’ என்று வாக்கியத்தைச் சுற்றிக் கட்டாதீர்கள். ‘ஐ’ என்று தொடங்கி ‘ஹேவ்’ போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2. ‘ஹேவிங்’ வேண்டாம். ‘ஐ ஆம் ஹேவிங் ஒன் பிரதர்’ என்றால், ஏதோ இப்போது மட்டும் அண்ணன் இருக்கிற மாதிரி கேட்கிறவர் காதில் விழும். சாப்பாட்டுக்குத் தடையில்லை, ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரிதான்.

3. பணம் கேட்டு ஒருவர் நிற்கிறார். ‘ஐ ஹேவ் நோ மணி’ என்றால் நீங்கள் ஏழை. ‘ஐ ஹேவ் நோ மணி ஆன் மீ’ என்றால் இப்போது பாக்கெட்டில் இல்லை, அவ்வளவுதான். அந்த ‘ஆன் மீ’ இரண்டு சொல்தான், ஆனால் மானத்தைக் காப்பாற்றும்.

4. ஒற்றைப் பிள்ளைகூட நம் ஊரில் ‘எங்கம்மா’ என்றுதான் சொல்லும். ‘என்ற அம்மா’ என்று நாம் சொன்னால் அதில் ஒரு தனிப் பாசமோ வீம்போ இருக்கும். ஆங்கிலத்தில் ‘அவர் மதர்’ என்று சொன்னால், கேட்பவர் உங்கள் கூடப் பிறந்தவர்களைத் தேடுவார். கூச்சப்படாமல் ‘மை மதர்’ என்று சொல்லுங்கள். வீட்டுக்கும் தறிக்கும் ‘அவர்’ போடலாம். அது குடும்பத்துச் சொத்து, தப்பில்லை.

5. கூடப் பிறந்த அண்ணனை ‘மை ஓன் பிரதர்’ என்று அறிமுகப்படுத்துகிற பழக்கம் நம் பக்கம் எல்லோருக்கும் உண்டு. பெரியப்பா மகனும் அண்ணன்தானே, பிரித்துக் காட்ட வேண்டாமா என்கிற கணக்கு. ஆனால் ஆங்கிலத்தில் ‘மை பிரதர்’ என்றாலே கூடப் பிறந்தவன்தான், பெரியப்பா மகன் ‘கசின்’. ‘மை ஓன் பிரதர்’ என்று அழுத்தினால் ‘கூடப் பிறந்தவனே இப்படிப் பண்ணிட்டானே’ என்று ஏதோ வழக்கு வரப்போகிறது என்று எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

6. கை கழுவினேன், காலில் அடிபட்டது, சட்டையைக் கழற்றினேன். தமிழில் யார் கை, யார் கால் என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலம் கேட்கும். ‘ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்’, ‘ஐ ஹர்ட் மை லெக்’. என் கை எனக்குத் தெரியாதா என்று சலித்துக்கொள்ளாதீர்கள், அந்த மொழியின் குணம் அது. உடம்பு, உடுப்பு, உறவு எதுவானாலும் முன்னால் ஆள் பெயரோ ‘மை’யோ வந்தாக வேண்டும்.

7. இனி ‘ஓன்’. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

‘ஐ ஹேவ் ஓன் ஹவுஸ்’ தப்பு. ‘ஆன் ஓன் ஹவுஸ்’ அதைவிடத் தப்பு. ‘ஓன்’ என்கிற சொல்லுக்கு முன்னால் உடையவர் நிற்க வேண்டும்: ‘மை ஓன் ஹவுஸ்’, ‘ஹெர் ஓன் மணி’. இல்லையென்றால் ‘எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்’. எழுத்தில் ‘ஆஃப்’ மாதிரி தெரிந்தாலும் அந்தச் சொல் வாயில் ‘அவ்’ என்றே வர வேண்டும், விளக்கை அணைக்கிற ‘ஆஃப்’ வேறு.

இதையே வினையாகவும் சொல்லலாம். நம் ஊர்த் தறிக்குடோன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தறி நம்முளுது, ஷெட்டு நம்முளுது, கரண்ட் பில்லும் நம்முளுது. பாவு நூலும் ஊடை நூலும் வியாபாரி கொடுக்கிறார். நெய்து துணியாகத் திருப்பிக் கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறோம். பேங்க் மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டால் நம் பையன் ‘வீ ஹேவ் ஓன் டெக்ஸ்டைல் பிசினஸ்’ என்கிறான். அவர் சொந்த நூல், சொந்தச் சரக்கு, லாபம் நஷ்டம் எல்லாம் இவர்களுடையது என்று குறித்துக்கொள்கிறார். அப்புறம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கேட்கும்போது விழிக்கிறோம். மூன்று சின்ன வாக்கியம் போதும்: ‘வீ ஓன் எய்ட் லூம்ஸ். த யார்ன் இஸ் நாட் அவர்ஸ். வீ டூ ஜாப் ஒர்க்.’ எது உங்களுடையதில்லை என்று சொல்வதும் கணக்கில் சேர்த்திதான்.

8. பங்காளிகளுக்கு ஒரு நுணுக்கம். ‘ரவி அண்ட் குமார்ஸ் ஷாப்’ என்றால் இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரே கடை. ‘ரவிஸ் அண்ட் குமார்ஸ் ஷாப்ஸ்’ என்றால் ஆளுக்கொரு கடை. பாகம் பிரித்ததுகூட ஒரு ‘ஸ்’ஸில் தெரிந்துவிடும்.

9. ஒண்டியாக இருப்பதற்கு வருவோம். ‘அலோன்’ வெறும் கணக்கு: கூட ஆள் இல்லை. ‘லோன்லி’ மனசு: கூட ஆள் இல்லையே என்கிற ஏக்கம். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த நம் ஊர்ப் பையன் ஒருவன், ரூமில் தனியாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்து ‘ஐ ஆம் லோன்லி சார்’ என்று சொல்லிவிட்டான். மேனேஜர் பதறிப்போய் கவுன்சலிங்குக்கு அனுப்பிவைத்தார். நல்ல மனுசன், ஆனால் பையனுக்குத் தேவைப்பட்டது வாடகையில் பங்கு போட ஒரு ஆள்!

‘அலோன்’ பெயருக்கு முன்னால் வராது. ‘அலோன் மேன்’ கிடையாது. 1990இல் வந்த ‘ஹோம் அலோன்’ படத்தை நினைவில் வையுங்கள், அதில் ‘அலோன்’ பின்னால்தான் நிற்கிறது. இன்னொன்று, ‘அலோன்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஆல் ஒன்’ என்று இரண்டு சொல்லாக இருந்தது. நம் ‘ஒண்டி’க்குள்ளும் ‘ஒன்று’ உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் எண்ணியிருக்கிறார்கள்.

10. ‘நான்தான் செஞ்சேன்’ என்பதை ‘ஐ ஒன்லி டிட்’ ஆக்காதீர்கள். ‘ஐ டிட் இட் மைசெல்ஃப்’. யார் துணையும் இல்லாமல் என்றால் ‘பை மைசெல்ஃப்’ அல்லது ‘ஆன் மை ஓன்’. ‘மைசெல்ஃப் செந்தில்’ என்று கையை நீட்டுகிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள், ‘ஐ ஆம் செந்தில்’ போதும்.

11. ‘ஆஃப் மை ஓன்’ சொத்து, ‘ஆன் மை ஓன்’ தனி. இடையில் இருக்கிற சின்னச் சொல்லை விழுங்கினால் பொருளே புரண்டுவிடும். அம்முணிகள் இதில் கவனமாக இருங்கள். ‘எனக்குன்னு ஒரு ரூம் இருக்கு’ என்பது ‘ஐ ஹேவ் எ ரூம் ஆஃப் மை ஓன்’, ‘ரூம்ல நான் ஒண்டியாத்தான் இருக்கேன்’ என்பது ‘ஐ ஆம் இன் த ரூம் ஆன் மை ஓன்’. முதலாவதைப் போலவே ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் ஒரு புத்தகத்துக்கே தலைப்பு வைத்தார். எழுதுகிற பெண்ணுக்குக் காசும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்பது அவர் வாதம். ஆளுக்கொரு அறை என்பதெல்லாம் தறிக்குடோனை ஒட்டி இரண்டு ரூம் கட்டிக் குடியிருக்கிற வீட்டில் பெரிய பேச்சு. ஆனாலும் கேட்கத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

12. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்களை ‘தே ஆர் லிவிங் செப்பரேட்லி’ என்று சொல்லி வைக்காதீர்கள். புருசனும் பொண்டாட்டியும் பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தமாகிவிடும். ‘தே ஹேவ் எ பிளேஸ் ஆஃப் தேர் ஓன்’.

13. கடைசியாக, வெளிநாட்டு பையரிடமிருந்து மெயிலில் ‘ஆஃப்டர் தட் யூ ஆர் ஆன் யுவர் ஓன்’ என்று வந்தால், உங்களுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டார் என்று சந்தோஷப்படாதீர்கள். அதற்குப் பிறகு எங்களைக் கேட்காதே என்கிறார். ‘ஓகே சார்’ என்று உடனே பதில் போடாமல், சரக்கு எந்தத் துறைமுகம் வரைக்கும் நம் பொறுப்பு, வழியில் நனைந்தால் நஷ்டம் யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.