இரும்பிலும் எஃகிலும் செம்பு: எந்த வேலைக்கு எவ்வளவு?

இரும்பில் செம்பு சேர்ப்பதற்குப் பொதுவாக மூன்று நோக்கங்கள் உண்டு: துருவைத் தாமதப்படுத்துவது, வார்ப்பிரும்பை வலுவாக்குவது, எஃகை வெப்பப் பதத்தால் கடினமாக்குவது. மூன்றுக்கும் அளவு வேறு.

திறந்தவெளிப் பாலம், சரக்கு ரயில்பெட்டி போன்றவற்றுக்குச் சாதாரண எஃகில் 0.2 சதவீதம் செம்பு இருந்தாலே துரு கணிசமாகக் குறையும். இன்னும் தாங்க வேண்டுமென்றால் செம்புடன் குரோமியமும் பாஸ்பரசும் சேர்ந்த எஃகு பொருத்தம். 1933இல் அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் கொண்டுவந்த கோர்-டென் இவ்வகை. இதன் மேல் முதலில் படியும் துருவே இறுகிக் கவசமாகிறது. அதற்கு எஃகு நனைந்து நனைந்து உலர வேண்டும். உப்புக்காற்று வீசும் கடற்கரையிலும், எப்போதும் ஈரம் தேங்கும் மூலைகளிலும் கவசம் உருவாகாது. அங்கே துத்தநாகப் பூச்சோ பெயின்டோதான் சரி. மண்ணில் புதைக்கும் குழாய்க்குச் செம்பு சேர்ப்பது வீண்செலவு.

வார்ப்பாலைகளில் எஸ்.ஜி. அயர்ன் எனப்படும் வார்ப்பிரும்பில், வலுவூட்டும் பெர்லைட் என்ற உள்ளமைப்பைக் கூட்ட மாங்கனீசு, வெள்ளீயம், செம்பு மூன்றும் உதவும். மாங்கனீசு மலிவு, ஆனால் கடைசியாக உறையும் இடங்களில் ஒதுங்கிக் கார்பைடாகி வார்ப்பை நொறுங்கவைக்கும். வெள்ளீயம் செம்பைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வீரியமானது, 0.1 சதவீதத்தைத் தாண்டினால் அதுவும் வார்ப்பை நொறுங்கவைக்கும், எடையிடுவதில் சிறு பிழைக்கும் இடமில்லை. செம்பு விலை கூடியது என்றாலும் கார்பைடை உண்டாக்காது, அளவு சற்றே பிசகினாலும் பொறுக்கும். வலிமை மிகுந்த 600/3 தரத்துக்கு அரை சதவீதத்துக்கு மேல் தேவைப்படும். வளைந்து கொடுக்க வேண்டிய 400/15 தரத்தில் செம்பை அண்டவிடக் கூடாது. இரண்டையும் வார்க்கும் ஆலையில் மறு உருக்கலுக்கு வரும் கழிவைத் தரவாரியாகப் பிரித்து வைக்காவிட்டால், எந்தக் கணக்கும் நிற்காது.

வலிமையும் பற்றவைப்பும் சேர்ந்து தேவைப்பட்டால், கார்பனைக் கூட்டுவதைவிடச் செம்பு மேல். சுமார் 850 டிகிரி செல்சியஸில் இரும்பு ஏறத்தாழ 2 சதவீதம் செம்பைக் கரைத்துக்கொள்ளும். அறை வெப்பத்தில் மிகச் சொற்பமே. விரைவாகக் குளிர்வித்து 500 டிகிரி அளவில் மீண்டும் சூடாக்கினால், செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து எஃகை இறுக்கும். கார்பன் குறைந்த கப்பல் எஃகுக்கு ஒரு சதவீதத்தை ஒட்டிய செம்பு போதும். துருவும் பிடிக்கக் கூடாதென்றால் 3 முதல் 5 சதவீதம் செம்புள்ள 17-4 பி.ஹெச். துருப்பிடிக்கா எஃகு இருக்கிறது, விலைதான் எட்டாது.

உருட்டவும் அடிக்கவும் வேண்டிய எஃகில் ஓர் ஆபத்து உண்டு. உலையில் இரும்பு முதலில் ஆக்சைடாகிறது. செம்பு ஆக்சைடாகாமல் அந்த ஆக்சைடுச் செதிலுக்கு அடியில் சேர்கிறது. 1085 டிகிரிக்கு மேல் அது உருகிப் படிக எல்லைகளில் இறங்க, மேற்பரப்பு வெடிக்கும். செம்பில் பாதியளவாவது நிக்கல் சேர்ப்பதே வழக்கமான மருந்து. நிக்கலுக்கு வசதியில்லையென்றால் செம்பைக் குறைப்பதே நல்லது. வார்ப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை.

இரும்புக்கு முன் ஆக்சைடாகாத இதே குணத்தால், உருகிய எஃகில் ஏறிய செம்பை ஆக்சிஜன் ஊதி வெளியேற்ற முடியாது. பழைய கார்களின் மின்கம்பிகளோடு வரும் செம்பும் அப்படியே தங்கும். சேர்க்கும் அளவை முடிவுசெய்யுமுன் பழைய இரும்பில் ஏற்கெனவே உள்ள செம்பை அளந்து கழித்துக்கொள்ள வேண்டும்.